கூடிப் பேசாத ஆட்டம்

போர்ட்லண்டிலிருந்து தெற்கே சுமார் 110 மைல் போனால் யூஜீன். ஒரேகான் மாநிலத்தின் வில்லாமெட் பள்ளத்தாக்கு வழியே ஐ-5 நெடுஞ்சாலை நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. இருபுறமும் கண்ணுக்கெட்டிய தூரம் புல் வயல்கள். மாடு மேய்க்கும் புல் அல்ல, விதைக்காகவே பயிரிடும் புல். உலகத்தின் எத்தனையோ மைதானங்களுக்கும் வீட்டு முற்றங்களுக்கும் புல் விதை இங்கிருந்துதான் போகிறது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் தென்கோடியில் இருக்கும் ஆட்சன் ஸ்டேடியத்தில் 1969 முதல் செயற்கைப் புல்தான். மழை விடாமல் பெய்யும் ஊரில் இயற்கைப் புல் சேறாகிவிடும். சேற்றில் வேகம் வராது. நான் பார்க்கப் போனதே அந்த ஊரின் வேகத்தைத்தான்.

2009 முதல் 2012 வரை, இதே ஊரில் இருக்கும் ஒரேகான் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணிக்கு சிப் கெல்லி தலைமைப் பயிற்சியாளர். நியூ ஹாம்ப்ஷயர் என்ற சின்ன மாநிலத்திலிருந்து 2007இல் தாக்குதல் ஆட்டத்தின் பொறுப்பாளராக இங்கே வந்தவர். அவர் தலைமையில் ஆடிய 53 ஆட்டங்களில் 46இல் அணி வென்றது. 2010இல் ஆட்டத்துக்குச் சராசரியாக 47 புள்ளி எடுத்தது. நாட்டிலேயே அதுதான் அதிகம். எதிரணி மூச்சு வாங்கி நிமிர்வதற்குள் அடுத்த பந்து கிளம்பிவிடும். அந்த வேகத்தை எப்படிக் கற்பிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. கால் வேகத்தைக் கடவுள் கொடுப்பார். பதினொரு பேரும் ஒரே விநாடியில் ஒரே காரியத்தைப் புரிந்துகொள்ளும் வேகத்தை ஒரு பயிற்சியாளர்தான் கொடுக்க முடியும்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். 100 யார்டு மைதானம், பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு; அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. சென்டர் என்ற வீரர் பந்தைத் தன் கால்களுக்கு இடையே பின்னால் கொடுப்பதை ஸ்னாப் என்பார்கள். ஸ்னாப் ஆனதும் ஐந்தாறு விநாடி மோதல், பிறகு விசில். அடுத்த ஸ்னாப்புக்கு 40 விநாடி அவகாசம். வழக்கமாக இந்த அவகாசத்தில் தாக்கும் அணி வட்டமாகக் கூடி நிற்கும். அடுத்து என்ன ஆடப்போகிறோம் என்று, ஸ்னாப்பில் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் நடுவில் நின்று சொல்வான். அதுதான் ஹடில். தடுக்கும் அணிக்கும் அந்த இடைவெளி வரப்பிரசாதம்: மூச்சு வாங்கலாம், களைத்தவனை வெளியே அனுப்பலாம், ஆள் நிற்கும் இடத்தை மாற்றலாம். நோ-ஹடில் அணி கூடுவதே இல்லை. விழுந்த இடத்திலிருந்து எழுந்து நேராக வரிசையில் போய் நிற்கும். கிரிக்கெட்டில் ஃபீல்டிங் கேப்டன் ஆளை நிறுத்தி முடிப்பதற்குள் அடுத்த பந்தைத் தொடங்கும் உரிமை பேட்டிங் அணிக்கு இருந்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

அதற்குத் துணைபோகும் விதி ஒன்றும் உண்டு. தாக்கும் அணி ஆளை மாற்றினால், தடுக்கும் அணியும் மாற்றிக்கொள்ள நடுவர் நேரம் தர வேண்டும். அதுவரை பந்தின் மேல் நின்றுகொள்வார். தாக்கும் அணி அதே பதினொரு பேரோடு தொடர்ந்தால் அந்தச் சலுகை கிடையாது. களைத்துப்போன 130 கிலோ ஆள் அப்படியே களத்தில் மாட்டிக்கொள்வான்.

யூஜீனுக்கு வருமுன் தலைநகர் வாஷிங்டனில் காலாடெட் பல்கலைக்கழகத்தை வெளியிலிருந்து ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்திருந்தேன். காது கேளாதோருக்கான பல்கலைக்கழகம் அது. ஹடில் பிறந்த இடம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் அதுதான். 1890களில் பால் ஹப்பர்ட் என்ற குவார்ட்டர்பேக் தன் அணிக்குச் சைகையில் கட்டளை சொல்வார். எதிரே நிற்பதும் காது கேளாதோர் அணி என்றால் ரகசியம் போய்விடும். அதனால் ஆட்களை வட்டமாக நிற்கவைத்து, நடுவில் கையை மறைத்துப் பேசினார். அந்த வட்டம் நாடு முழுக்கப் பரவியது. நூறாண்டுக்குப் பிறகு நோ-ஹடில் அணிகள் வட்டத்தைக் கலைத்துவிட்டு, மைதான ஓரத்திலிருந்து கையசைத்துச் சைகை காட்டத் தொடங்கின. காலாடெட் அணியோ அடுத்த படிக்குப் போய்விட்டது. 2023இல் ஓர் ஆட்டத்தில் அதன் குவார்ட்டர்பேக், பயிற்சியாளர் அனுப்பும் கட்டளை கண்ணெதிரே சின்னத் திரையில் எழுத்தாகத் தெரியும் ஹெல்மெட்டை அணிந்து ஆடினார். ஏடி அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கியது அது. இந்த விளையாட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் காலாடெட்டுக்கு இன்னும் நிறையப் பக்கங்கள் ஒதுக்க வேண்டும்.

தொழில்முறை ஆட்டத்தில் வட்டத்தைக் கலைத்தவர்களில் முக்கியமானவர் சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் பயிற்சியாளர் சாம் வைச். 1988 பருவத்தில், ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு மட்டும் என்றிருந்த அவசர ஆட்டத்தை அவர் எந்நேரமும் ஆடும் முறையாக மாற்றினார். 1989 ஜனவரியில் பஃபலோ பில்ஸ் அணியோடு அரையிறுதிக்கு ஒப்பான ஆட்டம். தொடங்கச் சில மணி நேரமே இருக்கும்போது, இந்த முறையில் ஆடினால் தண்டனை விதிக்கப்படும் என்று லீக் நிர்வாகம் எச்சரித்தது. ஆனாலும் பெங்கால்ஸ் 21-10 என்று வென்றது. அந்த முறையை அப்போது எதிர்த்துக் குரல் கொடுத்தவர் பில்ஸ் பயிற்சியாளர் மார்வ் லெவி. பின்னர் அவரே அதைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டார். குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லி களத்திலேயே கட்டளைகளைத் தீர்மானிக்க, பில்ஸ் தொடர்ந்து நான்கு சூப்பர் பவுல் இறுதியாட்டங்களை எட்டியது.

எனக்குக் கார் ஓட்டி வந்தவன் என் அக்கா மகன். ஹில்ஸ்பரோவில் இன்டெல்லில் வேலை. அவனோடு வேலை பார்ப்பவரின் தம்பி யூஜீன் பக்கத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர், மாலையில் ஃபுட்பால் பயிற்சியாளர். “மாமா, அவர் உங்களை வரச் சொல்லியிருக்கார். ஆனா பயிற்சி நடக்கும்போது அவரால பேச முடியாதாம். பேசறதெல்லாம் முன்னாடியோ பின்னாடியோதான்” என்றான். அந்த நிபந்தனையிலேயே பாதி விஷயம் இருக்கிறது என்பது அன்று மாலை புரிந்தது.

அதற்கு முன் ஆட்சன் ஸ்டேடியத்தைப் பார்த்தோம். பல்கலைக்கழக வளாகம் வில்லாமெட் ஆற்றின் ஒரு கரையில், ஸ்டேடியம் மறுகரையில். நடுவே நடைபாலம். ஆட்ட நாளில் கூட்டம் அலை அலையாக அந்தப் பாலத்தைக் கடக்கும். நாங்கள் போன அன்று தூறலில் ஓடிக்கொண்டிருந்த சிலரைத் தவிர யாருமில்லை. யூஜீன் ஓட்டக்காரர்களின் ஊர். நைக்கி நிறுவனத்தின் வேர் இங்கே தடகளப் பயிற்சியாளராக இருந்த பில் பவர்மனிடமும் அவர் மாணவர் ஃபில் நைட்டிடமும் இருக்கிறது. ஸ்டேடியம் 1967இல் திறந்தது, 54,000 இருக்கை. தரையைத் தோண்டிக் கட்டிய கிண்ணம். இருக்கைகள் களத்தை ஒட்டி இறங்குவதால் கூச்சல் வெளியே போக வழியின்றி உள்ளேயே சுற்றும். வந்த அணி பந்து வைத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. சொந்த அணி ஆடும்போது கூட்டம் அமைதியாகும். கெல்லி இருந்த காலத்தில், அந்த நேரத்தில்தான் மைதான ஓரத்தில் அவர் ஆட்கள் நான்கு படம் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சம்பந்தமே இல்லாத நான்கு படங்கள். ஆனால் பயிற்சி பெற்றவனுக்கு ஒரு பார்வையில் முழுக் கட்டளையும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பள்ளி மைதானத்துக்குப் போனபோது மழை வலுத்திருந்தது. ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. பையன்கள் முப்பது பேர் இருப்பார்கள். பயிற்சியாளர் கையசைத்து எங்களை ஓரத்தில் நிற்கச் சொன்னார், அவ்வளவுதான்.

முதல் சில நிமிடம் எனக்கு எதுவும் பிடிபடவில்லை. பந்து கிளம்பியது, மோதல், விசில். விழுந்த பையன் பந்தைத் தரையில் போடவில்லை. நடுவர் இடத்தில் நின்ற உதவிப் பயிற்சியாளரைத் தேடி ஓடிப்போய்க் கையில் கொடுத்தான். அவர் கோட்டில் வைத்தார். அதற்குள் முன்வரிசை ஐந்து பையன்களும் தலையை ஓரத்துக்குத் திருப்பியபடியே ஓடிவந்து நின்றுவிட்டார்கள். ஓரத்தில் மூன்று பேர் ஆளுக்கொரு சைகை காட்டினார்கள். அதில் ஒருவர் காட்டுவதுதான் உண்மை. மற்ற இருவரும் எதிரணியை ஏமாற்ற. யார் உண்மை என்பது பையன்களுக்குத் தெரியும். மறுபடி ஸ்னாப். பந்தைப் பிடிக்க வேண்டிய பையன் கோட்டைவிட்டான். நான் பயிற்சியாளரைப் பார்த்தேன். அவர் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த தாளில் ஒரு குறி போட்டார். அடுத்த ஸ்னாப் போய்விட்டது.

பயிற்சி முடிந்து, ஈரம் சொட்டச் சொட்ட அவர் எங்களிடம் வந்தார். தவறு செய்தவனிடம் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். “மைதானத்தில் நான் பேசினால் இருபத்திரண்டு பேரும் நிற்பார்கள். நின்று பழகினால் வெள்ளிக்கிழமை ஆட்டத்திலும் நிற்பார்கள். அவனோடு நாளைக் காலை வீடியோ போட்டுப் பேசுவேன். வகுப்பறை பேசுவதற்கு, மைதானம் செய்வதற்கு” என்றார். கெல்லியின் பயிற்சியும் இப்படித்தான் இருந்தது என்பது பயிற்சியாளர்கள் மத்தியில் பிரசித்தம்: காதைப் பிளக்கும் இசை, இடைவெளியில்லாத ஓட்டம், திருத்தமெல்லாம் பிறகு திரைக்கு முன்னால்.

அவரிடம் நான் அதிகம் கேட்டது எத்தனை வகை ஆட்டங்கள் கற்பிக்கிறீர்கள் என்பதைப் பற்றி. பெரிய அணிகளின் கட்டளைப் புத்தகம் கனமாக இருக்கும். இவர் வைத்திருப்பதோ சொற்பம். அந்தச் சொற்பத்துக்குள் பதில்களை அடைத்து வைத்திருக்கிறார். கெல்லியின் பெயரோடு ஒட்டிப்போன ஸோன் ரீட் என்ற ஆட்டத்தையே உதாரணமாகச் செய்து காட்டினார். எதிரணியின் ஓரத்து ஆள் ஒருவனை வேண்டுமென்றே தடுக்காமல் விடுவார்கள். குவார்ட்டர்பேக் பந்தை, அதை ஏந்தி ஓடும் ரன்னிங்பேக்கின் வயிற்றருகே நீட்டியபடி அந்த ஒருவனை மட்டும் பார்ப்பான். அவன் உள்ளே பாய்ந்தால் பந்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுவான். அவன் வெளியிலேயே நின்றால் பந்தைக் கொடுத்துவிடுவான். எதிரணி எது செய்தாலும் அதற்கான பதில் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதனால்தான் கூடிப் பேசத் தேவையில்லை. தீர்மானம் பயிற்சியாளரின் வாயிலிருந்து பதினாறு வயதுப் பையனின் கண்ணுக்குப் போய்விட்டது.

இதுதான் என்னை அசைத்த விஷயம். வேகமாக ஆடும் அணியின் பயிற்சியாளர் கத்திக்கொண்டும் துரத்திக்கொண்டும் இருப்பார் என்று பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். வேகம் அப்படி வருவதில்லை. தான் சொல்ல விரும்புவதில் பெரும்பகுதியைப் பயிற்சியாளர் விட்டுக்கொடுக்கும்போதுதான் வருகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் விநாடி செலவாகும். எதைச் சொல்லாமல் விடலாம் என்று வாரம் முழுக்க உட்கார்ந்து யோசித்தவனிடம்தான் வேகமான அணி இருக்கும். பந்தைப் பிடிக்கும் வலப்பக்க ரிசீவர் எப்போதும் வலப்பக்கமே நிற்பான், இடப்பக்கத்தவன் இடப்பக்கமே என்பது இந்த முறையில் ஆடும் பல அணிகளின் வழக்கம். காரணம் எளிது: குறுக்கே ஓடும் நேரம் மிச்சம்.

வெள்ளிக்கிழமை இரவு ஆட்டத்துக்கும் போனோம். ஊரே வந்திருந்தது, பள்ளி பேண்டு, சூடான சாக்லெட், போர்வை போர்த்திய பாட்டிகள். பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தார், எல்லா நேரமும் ஓடமாட்டோம் என்று. மூன்று வேகம் வைத்திருக்கிறார். முழு வேகம் ஒன்று. வரிசையில் நின்றுவிட்டு ஓரத்தைப் பார்த்துக் கட்டளையை மாற்றிக்கொள்ளும் நடு வேகம் ஒன்று. கடிகாரத்தைக் கரைக்கும் நிதானம் ஒன்று. எப்போது முழு வேகம்? “எதிரணியின் பெரிய பையன்கள் இடுப்பில் கை வைக்கும்போது.” முதல் பாதியில் அந்தக் காட்சியைக் கண்ணாரப் பார்த்தேன். நீண்ட ஓட்டம் ஒன்றுக்குப் பிறகு எதிரணியின் முன்வரிசை குனிந்து மூச்சு வாங்க, இவர்கள் அதே ஆட்டத்தை அதே பக்கம் மூன்று முறை ஆடினார்கள். மூன்றாவது முறை தடுக்க ஆளே எழுந்திருக்கவில்லை. மைதானத்தின் கடைசியில் இருக்கும் எண்ட் சோனுக்குள் பந்து போய்ப் புள்ளி கிடைத்ததும் பக்கத்திலிருந்த முதியவர் என் தோளை உலுக்கிவிட்டார்.

இரண்டாம் பாதி வேறு கதை. இவர்களின் தாக்குதல் அடுத்தடுத்து மூன்று முறை தோற்றது; ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடத்துக்குள் பந்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். முப்பது பேர் அணியில் தாக்குகிறவனே தடுக்கவும் வேண்டும். அப்போதுதான் ஓடிமுடித்த பையன்கள் மூச்சுகூட வாங்காமல் தடுக்க நின்றார்கள். எதிரணி அதைப் புரிந்துகொண்டு பந்தை வைத்துக்கொண்டு உருட்டியது. ஒவ்வொரு முறையும் கடிகாரம் கடைசிவரை ஓடவிட்டு, மெல்ல, நான்கு யார்டு, மூன்று யார்டு. இவர்களின் பயிற்சியாளர் கடைசிக் கால் பகுதியில் நிதான வேகத்துக்கு இறங்கினார், அதற்குள் தாமதம். ஆட்டம் கைவிட்டுப் போனது.

இந்த முறைக்கு எதிரான மருந்து எப்போதும் இதுதான். 1991 ஜனவரியில் சூப்பர் பவுலில் பில்ஸ் அணியை நியூயார்க் ஜயன்ட்ஸ் இப்படித்தான் மடக்கியது. 60 நிமிட ஆட்டத்தில் 40 நிமிடம் 33 விநாடி பந்து ஜயன்ட்ஸிடமே இருந்தது; முடிவு 20-19. 2012 நவம்பரில், அதுவரை தோல்வி காணாத ஒரேகானை ஸ்டான்ஃபோர்டு இதே ஆட்சன் ஸ்டேடியத்தில் கூடுதல் நேரத்தில் 17-14 என்று தோற்கடித்ததும் உடல்பலத்தாலும் பொறுமையாலும்தான். கெல்லி 2013இல் தொழில்முறைக்குப் போய் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸை முதல் ஆண்டு 10 வெற்றிக்குக் கொண்டுவந்தார். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நீக்கப்பட்டார். வேகம் தன் தடுப்பாட்டக்காரர்களையே களைப்படையச் செய்கிறது என்ற குற்றச்சாட்டு அங்கே அவரைத் துரத்தியது.

விதியால் இதை அடக்கவும் முயன்றார்கள். 2014இல் பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பின் விதிக்குழு, அந்த 40 விநாடி அவகாசத்தின் முதல் 10 விநாடிக்குள் ஸ்னாப் கூடாது என்று ஒரு யோசனை கொண்டுவந்தது. வீரர்களின் பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். அலபாமா அணியின் அப்போதைய பயிற்சியாளர் நிக் சேபன் அதன் பக்கம் நின்றார். எதிர்ப்பு கிளம்பி சில வாரங்களில் யோசனை கைவிடப்பட்டது. பிறகு சேபனின் அணியே வேகத்தைக் கற்றுக்கொண்டது. கைவிட்டது சரி என்பதே என் கருத்து. ஒரு பயிற்சியாளர் மூளையால் கண்டுபிடித்த சாதகத்தை, அதற்குத் தயாராகாதவர்களுக்காக விதி பறிக்கக் கூடாது.

அதே சமயம் பையன்களின் உடம்பு பற்றிய கவலை நியாயமானது. வேகம் கூடினால் ஆட்டத்தில் ஸ்னாப்புகள் கூடும். ஒவ்வொரு ஸ்னாப்பும் ஒரு மோதல். தலையில் அடிபடும் ஆபத்து இந்த விளையாட்டின் பெரிய துயரம். அதற்கு மருந்து வேகத்தைத் தடுப்பது அல்ல, மோதலின் மொத்த எண்ணிக்கையைக் குறைப்பது. 2023இல் பல்கலைக்கழக ஆட்டத்தில் செய்த மாற்றம் அந்த வழியில் போகிறது. 10 யார்டு முன்னேறியதும் கடிகாரம் நிற்பது பழைய வழக்கம். இப்போது ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டுமே நிற்கும். நான் பார்த்த பள்ளிப் பயிற்சியில் முழு மோதல் மிகக் குறைவு. இடத்துக்கு ஓடு, கையை வை, விடு, அடுத்தது. வேகத்தைப் பழக்க உடம்பை உடைக்க வேண்டியதில்லை என்று அந்த வரலாற்று ஆசிரியர் நம்புகிறார். நானும் நம்புகிறேன்.

அக்டோபரில் ஒரேகான் பக்கம் போகிறவர்கள் ஆட்சன் ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டம் பாருங்கள், ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை ஏதாவது ஒரு பள்ளி மைதானத்துக்குப் போங்கள். கதவருகே சின்னக் கட்டணம்தான்; மழைக்கோட்டு அவசியம். தாக்கும் அணியின் பின்னால், கோட்டை ஒட்டி இடம்பிடியுங்கள். விசில் ஊதியதும் பந்தைப் பார்க்காதீர்கள். முன்வரிசையில் இருக்கும் அந்த ஐந்து பருத்த பையன்கள் எவ்வளவு சீக்கிரம் எழுந்து, எந்தப் பக்கம் தலை திருப்பி, எங்கே போய் நிற்கிறார்கள் என்று பாருங்கள்; அவர்கள் பயிற்சியாளர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும்.